கிரீன் டே ஒரே ஆல்பத்தில் பெரிய ஆளானது எப்படி?

கேள்வி இதுதான்: 1994-இல் ‘டூக்கி’ என்ற ஒரே ஆல்பத்தால், பங்க் என்ற வேகமான, முரட்டு ராக் இசையை வாசிக்கும் அமெரிக்க பேண்ட் கிரீன் டே உலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அது அதிர்ஷ்டமா, பெரிய கம்பெனியின் விளம்பர பலமா, இல்லை பாட்டு நிஜமாகவே அவ்வளவு நன்றாக இருந்ததா? அப்புறம், அவர்களுடைய பழைய ரசிகர்களே ஏன் அவர்களைத் திட்டினார்கள்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘டூக்கி’ வெளிவந்த அன்று அந்த மூன்று பேருக்கும் வயது 21. ஆனால் பாடிக்கொண்டே கிட்டார் வாசிக்கும் பில்லி ஜோவும் பேஸ் கிட்டார் வாசிக்கும் மைக்கும் மேடையேறி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவர்களை அந்த ஆறு வருஷத்தில் வளர்த்தது பெர்க்லியில் இருந்த ஒரு சின்ன ஹால். பிறகு அவர்களை வாசலோடு நிறுத்தியதும் அதே ஹால்தான். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

கலிஃபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் அந்தப் பக்கத்துக் கரையில், ரோடியோ என்று ஒரு சின்ன ஊர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைதான் ஊரின் அடையாளம். பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் அங்கே வளர்ந்தவர், ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா லாரி ஓட்டுநர், ஜாஸ் இசையில் பித்து உள்ளவர். 1982 செப்டம்பரில் அவர் புற்றுநோயில் இறந்தபோது பையனுக்கு வயது 10. அம்மா உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். கிட்டத்தட்ட அதே சமயத்தில் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் பில்லி ஜோவுக்கு ஒரு நண்பன் கிடைத்தான். அவன்தான் மைக் டர்ண்ட். போதைப் பழக்கத்தில் சிக்கிய தாய்க்குப் பிறந்து, வேறொரு வீட்டில் தத்துப் பிள்ளையாக வளர்ந்தவன். பின்னாளில் மைக் பில்லி ஜோவின் வீட்டிலேயே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கினான். இன்றுவரை பிரியாத கூட்டு அது.

பில்லி ஜோவின் நீலக் கிட்டாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘புளூ’ என்று பில்லி ஜோ செல்லமாகக் கூப்பிடும் அந்தக் கிட்டார், ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற புகழ்பெற்ற மின்கிட்டார் மாடலைப் பார்த்து ஃபெர்னாண்டஸ் கம்பெனி செய்த நகல். கிட்டார் வாத்தியாரின் கையிலிருந்ததை அம்மா சிறு வயதில் மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். மேலெல்லாம் ஸ்டிக்கர். கம்பிகள் முடியும் பக்கத்தில் இருந்த பிக்-அப்பை, அதாவது கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் பாகத்தை, கழற்றிவிட்டுக் கனமான ஓசை தரும் ஹம்பக்கர் ஒன்றை மாட்டியிருந்தார்கள். ‘டூக்கி’யில் வாசித்தது இதை. பிறகு உட்ஸ்டாக் இசை விழாவில் சேறு பட்டதும் இதன்மேல்தான். உலகப் புகழ் பெற்ற ஓர் ஆல்பத்தின் கருவி, ஒரு தாய் பிள்ளைக்கு வாங்கித் தந்த பழைய கிட்டார் என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனசு நிறையும்.

1987 அக்டோபரில், 15 வயதில், ‘ஸ்வீட் சில்ட்ரன்’ என்ற பெயரில் முதல் கச்சேரி. நடந்த இடம் வலேஹோ ஊரில் பில்லி ஜோவின் அம்மா வேலை பார்த்த உணவகம்.

சரி, அந்த ஹாலுக்கு வருவோம். முகவரியே அதன் பெயர்: 924 கில்மன் தெரு, பெர்க்லி. 1986 டிசம்பர் 31 அன்று ஒரு கிடங்குக் கட்டடத்தில் திறந்தார்கள். ‘மாக்ஸிமம் ராக்கன்ரோல்’ என்ற பங்க் பத்திரிகையை நடத்திய டிம் யொஹானனும் அவருடைய நண்பர்களும் முன்னின்று தொடங்கியது. உறுப்பினர் அட்டைக்கு வருஷம் 2 டாலர். உள்ளே மது கிடையாது, போதை கிடையாது, அடிதடி கிடையாது. இனவெறி, பெண்களை இழிவுபடுத்துவது, தன்பாலின ஈர்ப்புள்ளவர்களை இழிவுபடுத்துவது எதற்கும் இடமில்லை. விதிகளைச் சுவரில் எழுதியே வைத்திருந்தார்கள். டிக்கெட் கிழிப்பதிலிருந்து ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்வது, கச்சேரி முடிந்து தரை பெருக்குவது வரை எல்லாமே சம்பளம் வாங்காதவர்கள் செய்த வேலை.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அமெரிக்காவில் ராக் கச்சேரி நடத்தும் கிளப்புகள் பெரும்பாலும் மது விற்றுப் பிழைப்பவை. 21 வயது ஆகாதவருக்கு அங்கே மது விற்கக் கூடாது, பல இடங்களில் உள்ளேயே விடமாட்டார்கள். அப்படியென்றால் 16 வயதுப் பையன் எங்கே போய்ப் பாட்டுக் கேட்பான்? எங்கே போய் வாசிப்பான்? கில்மன் ஹாலில் மதுவே இல்லை, அதனால் வயது வரம்பும் இல்லை. பள்ளிக்கூடம் முடிந்து வந்த பிள்ளைகள் அங்கே மேடை ஏறினார்கள். அதே பிள்ளைகள்தான் கீழே நின்று கேட்டார்கள். வாசிப்பவனுக்கும் கேட்பவனுக்கும் நடுவில் கை நீட்டினால் தொடும் தூரம். நன்றாக இல்லையென்றால் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். வாரா வாரம் அப்படிப்பட்ட ஒரு கூட்டத்துக்கு முன்னால் நின்று பழகியவர்களை எந்த மேடை பயமுறுத்தும்?

அந்தச் சூழலில் இவர்கள் கொஞ்சம் வித்தியாசமானவர்கள். மற்றவர்கள் அரசியல், கோபம் என்று பாடிக்கொண்டிருக்க, பில்லி ஜோ காதலித்த பெண்ணைப் பற்றிப் பாட்டெழுதினார். ராமோன்ஸ், பஸ்காக்ஸ் மாதிரி முன்னோடிகள் 1970-களிலேயே வேகமான கிட்டாரில் இனிமையான மெட்டைப் பொருத்திக் காட்டியவர்கள்தான். பாப்-பங்க் என்று இன்று சொல்லும் பாணியின் வேர் அங்கே இருக்கிறது. கில்மன் ஹாலிலேயே ஆபரேஷன் ஐவி என்ற பேண்ட், பங்க்கோடு ஜமைக்காவின் ஸ்கா தாளத்தைக் கலந்து எல்லாரையும் ஆட வைத்துக்கொண்டிருந்தது. 1989-இல் அது கலைந்த சமயம்தான் ஸ்வீட் சில்ட்ரன் பெயர் மாறிக் கிரீன் டே ஆகிறது.

அதற்கு முந்தைய வருஷம் நடந்த ஒரு கச்சேரியைச் சொல்கிறேன். வடக்கே மெண்டோசினோ மலைப்பகுதியில் ஒரு குடிசை வீடு. மின்சாரம் கிடையாது, ஜெனரேட்டர்தான். கேட்க வந்தது ஐந்து பிள்ளைகள். எண்ணி ஐந்து பேர். வேறு பேண்டாக இருந்தால் கருவிகளை இறக்காமலேயே திரும்பியிருக்கும். இவர்களோ பெரிய ஸ்டேடியத்தில் வாசிப்பது போல முழு மூச்சாக வாசித்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் லாரி லிவர்மோர். லுக்கவுட் ரெக்கார்ட்ஸ் என்ற சிறு இசை நிறுவனத்தை அப்போதுதான் நண்பருடன் தொடங்கியிருந்தார். இவர்களுக்கு ரெக்கார்டு போட்டே ஆக வேண்டும் என்று அங்கேயே முடிவெடுத்துவிட்டார். இந்தக் கதையைப் பின்னாளில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கிரீன் டே எப்படி வென்றது என்று யாராவது என்னிடம் ஒற்றை வரியில் கேட்டால், அந்த ஐந்து பேரைத்தான் சொல்வேன்.

முதல் ஆல்பம் ‘39/ஸ்மூத்’. 1989 டிசம்பர் கடைசியில் தொடங்கிப் புத்தாண்டுக்குள் சில நாட்களில் பதிவு செய்தார்கள். ஆயிரம் டாலர்கூடச் செலவாகவில்லை. 1990-இல் வெளிவந்தது. அந்த வருஷம் பிப்ரவரியில், 18-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள், பில்லி ஜோ பள்ளியை விட்டு நின்றார். பழைய டிரம்மர் கல்லூரிக்குப் போய்விட, அந்த இடத்துக்கு ட்ரே கூல் வந்தார். 12 வயதிலேயே லாரி லிவர்மோரின் சொந்த பேண்டில் டிரம்ஸ் வாசித்த பையன் அவர். ‘ட்ரே கூல்’ என்பது லாரி வைத்த பெயர்தான். ட்ரே வந்த பிறகு ஓசையே மாறிவிட்டது. டிரம்ஸ் வெறுமனே தாளம் போடாமல் பாட்டை முன்னால் தள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தது.

ஊர் ஊராகப் போக வண்டி? ட்ரேயின் அப்பா ஒரு பழைய நடமாடும் நூலக வண்டியை வாங்கிச் சீர்செய்து, தானே ஓட்டிக்கொண்டும் போனார். புத்தக அலமாரி இருந்த இடத்தில் ஆம்ப்ளிஃபையர்களும் மூன்று பையன்களும். வழியெல்லாம் யாரோ ஒருவர் வீட்டுத் தரையில் படுக்கை. டிக்கெட் காசு டீசலுக்குப் போதுமா போதாதா என்ற கணக்கு. இந்தக் காலத்தைத்தான் ‘ஒரே ராத்திரியில் புகழ்’ என்று சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

1991 கடைசியில் இரண்டாவது ஆல்பம் ‘கெர்ப்ளங்க்’ வந்தது. முதல் நாளே 10,000 பிரதி. லுக்கவுட் நிறுவனம் அப்போது லாரி குடியிருந்த ஒற்றை அறையிலிருந்து நடந்துகொண்டிருந்தது என்பதை வைத்துப் பாருங்கள். கொஞ்ச காலத்தில் 50,000-ஐத் தொட்டது. பெரிய கம்பெனிக்கு இது சில்லறை. தொலைக்காட்சியும் இல்லாமல், வணிக வானொலியும் இல்லாமல், வாய்வழிச் செய்தியிலேயே 50,000 பேர் வாங்கினார்கள் என்றால் அது பெரிய விஷயம். ஆனால் சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. தூரத்து ஊர்களில் கச்சேரி கேட்டுவிட்டு மறுநாள் கடைக்குப் போனவர்களுக்கு ஆல்பம் கிடைக்கவில்லை. இவர்கள் வாசித்த சின்ன ஹால்களில் இடம் போதாமல் ஆட்கள் வெளியே நின்றார்கள். சின்ன நிறுவனத்தால் தாங்கக்கூடிய அளவை பேண்ட் தாண்டிவிட்டது.

அதே 1991 செப்டம்பரில் நிர்வானாவின் ‘நெவர்மைண்ட்’ வந்து இசைத்துறையைப் புரட்டிப் போட்டிருந்தது. பெரிய கம்பெனி ஆட்கள் அடுத்த நிர்வானா எங்கே என்று ஊர் ஊராகத் தேடினார்கள். கிரீன் டேயின் டெமோ கேசட்டைக் கேட்டவர்களில் ஒருவர் ராப் கவலோ. வார்னர் குடும்பத்தின் ரிப்ரைஸ் நிறுவனத்தில் புதிய கலைஞர்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவர், தயாரிப்பாளரும்கூட. அவர் பையன்களோடு உட்கார்ந்து பீட்டில்ஸ் பாட்டுகளைச் சேர்ந்து வாசித்தார் என்பார்கள். போட்டி போட்ட கம்பெனிகளுக்கு நடுவில் இவர்கள் அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த நெருக்கம் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். 1993-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

‘டூக்கி’யைப் பதிவு செய்தது லாஸ் ஏஞ்சலஸில் அல்ல, அதே பெர்க்லியில், ஃபேண்டஸி ஸ்டூடியோவில். வேலை சுமார் மூன்று வாரம். பில்லி ஜோ ஏறக்குறைய எல்லாப் பாட்டையும் இரண்டே நாளில் பாடி முடித்தார். பதிவான குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துச் சேர்க்கும் வேலைக்கு மிக்ஸ் என்று பெயர். முதல் மிக்ஸ் வறட்டு ஓசையாக வந்தது பிடிக்காமல் மறுபடி மிக்ஸ் செய்தார்கள். ஜெர்ரி ஃபின் செய்த அந்த மிக்ஸில் ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகக் காதில் விழும், ஆனால் முரட்டுத்தனம் குறையாது. பிறகு வந்த பாப்-பங்க் ஆல்பங்கள் பல அந்த ஓசையைத்தான் பிடிக்க முயன்றன.

இங்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். ‘வெல்கம் டு பாரடைஸ்’ என்ற பாட்டு ‘கெர்ப்ளங்க்’கிலும் இருக்கிறது, ‘டூக்கி’யிலும் இருக்கிறது. அம்மா வீட்டை விட்டு வெளியேறி, மேற்கு ஓக்லாந்தில் பாழடைந்த ஒரு கிடங்கில் நண்பர்களோடு குடியிருந்த அனுபவம் அது. இரண்டையும் ஹெட்ஃபோனில் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெட்டு அதே, வரிகள் அதே, நடுவில் பேஸும் கிட்டாரும் சேர்ந்து படி இறங்குவது போல வரும் அந்த இருண்ட பகுதியும் அதே. முதலாவதில் கிட்டார் மெலிந்து, டிரம்ஸ் பக்கத்து அறையில் வாசிப்பது போலக் கேட்கும். இரண்டாவதில் அதே வாசிப்பு உங்கள் நெஞ்சின்மேல் வந்து உட்காரும். கம்பெனி பாட்டை மாற்றிவிட்டது என்று சொன்னவர்களுக்கு இதைவிட நேரான பதில் இல்லை. காசும் நல்ல ஸ்டூடியோவும் ஓசையைப் பெரிதாக்கின. பாட்டு ஏற்கெனவே முழுசாக இருந்தது.

பாட்டு நன்றாக இருந்ததா என்ற உங்கள் கேள்விக்கு ‘பாஸ்கெட் கேஸ்’ஸை எடுத்துக்கொள்கிறேன். மூன்றே நிமிஷம். வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகள்மேல் வைத்து அமுக்கி அடிக்கும் ஒற்றைக் கிட்டார், கூடவே குரல். வேறு எதுவும் இல்லை. யாரோ ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு தனியறையில் புலம்புவது போல இருக்கும். பிறகு டிரம்ஸ் மெல்லத் தட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறது, உருள்கிறது, ஒரு கட்டத்தில் மூன்று பேரும் சேர்ந்து வெடிக்கிறார்கள். பதற்றம் மனசுக்குள் சேர்ந்து சேர்ந்து உடையும் விதத்தை இசையே செய்து காட்டுகிறது. பில்லி ஜோவுக்குக் காரணமில்லாமல் திடீரென்று நெஞ்சு படபடக்கும், பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயம் வரும். அதற்குப் பெயர் உண்டு, அது ஒரு நோய்நிலை என்று மருத்துவர்கள் சொன்னது சில வருஷம் கழித்துத்தான். அதுவரை பாட்டாக எழுதித்தான் அவர் அதைப் புரிந்துகொள்ள முயன்றார். இன்னொன்று: அந்தப் பாட்டின் கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகள்) வரும் வரிசை, ஐரோப்பியச் செவ்விசையில் பாகெல்பெல் எழுதிய ‘கேனன்’ என்ற படைப்பின் வரிசைக்கு மிக நெருக்கமானது. 17-ஆம் நூற்றாண்டுக்காரர் எழுதிய அதே இறங்குவரிசைதான் இங்கே பேய் வேகத்தில் ஓடுகிறது. முதல்முறை கேட்கும்போதே ஏற்கெனவே தெரிந்த பாட்டு மாதிரி ஒட்டிக்கொள்வதற்கு அது ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

‘லாங்வியூ’ இதற்கு நேர் எதிர். அங்கே சரணத்தில் கிட்டாரே கிடையாது. டிரம்ஸ் தளர்ந்து ஊசலாடும், மைக்கின் பேஸ் வேலைவெட்டி இல்லாதவன் தெருவில் நடப்பது போல நடக்கும். பாடுவது வேலை இல்லாமல், காதல் இல்லாமல், டிவி முன்னால் நாளெல்லாம் கிடக்கும் பையனின் சலிப்பை. பல்லவியில் கிட்டார் வந்து விழும்போது அந்தச் சலிப்பு ஆத்திரமாகிறது. வீடியோவை அவர்கள் அப்போது குடியிருந்த பெர்க்லி வீட்டின் அடித்தளத்திலேயே எடுத்தார்கள். பில்லி ஜோ பழைய சோஃபாவில் சாய்ந்து கிடப்பார், கடைசியில் அந்தச் சோஃபாவைக் குத்திக் கிழித்துப் பஞ்சைப் பறக்கவிடுவார். எம்டிவி இசைச் சேனல் அதை ஓயாமல் ஒளிபரப்பியது.

ஆல்பம் வந்தது 1994 பிப்ரவரி 1. இரண்டு மாதம் கழித்து, ஏப்ரலில், நிர்வானாவின் கர்ட் கோபேன் தற்கொலை செய்துகொண்டார். ஒரு தலைமுறையே துக்கத்தில் இருந்தது. வலியைப் பாடும் பாட்டு அப்போதும் வேண்டியிருந்தது, ஆனால் மூச்சுவிடக் கொஞ்சம் இடமும் வேண்டியிருந்தது. கிரீன் டே பாடியதும் வலியைத்தான், குதித்துக்கொண்டே பாடினார்கள். அந்த நேரப் பொருத்தத்தை அதிர்ஷ்டம் என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

ஆகஸ்டில் உட்ஸ்டாக். 1969-இல் நடந்த புகழ்பெற்ற விழாவின் 25-ஆம் ஆண்டை ஒட்டி, நியூயார்க் மாநிலத்தின் சாகர்டீஸ் ஊரில் நடந்தது. மழை பெய்து மைதானம் முழுக்கச் சேறு. 14-ஆம் தேதி கிரீன் டே மேடையேறியபோது கூட்டம் சேற்றை அள்ளி வீச ஆரம்பித்தது. வேறு யாராக இருந்தாலும் இறங்கிப் போயிருப்பார்கள். பில்லி ஜோ கிட்டாரை நிறுத்திவிட்டுச் சேற்றை எடுத்துத் திருப்பி எறிந்தார். ரசிகர்கள் மேடையில் ஏற, காவலர் ஒருவர் மைக்கையும் சேறு பூசிய ரசிகர் என்று நினைத்துப் பாய்ந்து கீழே தள்ளினார். மைக்கின் பல் உடைந்தது. இதெல்லாம் தொலைக்காட்சியில் நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது. நாடு முழுக்க மறுநாள் அதே பேச்சு. அதைப் பார்த்த அம்மா கோபமாக ஒரு கடிதம் எழுதினார் என்று பில்லி ஜோ பேட்டியில் சொல்லியிருக்கிறார். கில்மன் ஹாலில் கூட்டத்தோடு விளையாடிப் பழகிய கைதான் அன்றைக்கு அந்தச் சேற்றை எடுத்தது.

அடுத்த மாதம் பாஸ்டனில் ஆற்றங்கரையில் இலவசக் கச்சேரி. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம் வந்து, தடுப்புகள் சாய்ந்து, சில பாட்டுகளோடு நிறுத்த வேண்டியதாயிற்று. பலருக்குக் காயம், பலர் கைது. ‘டூக்கி’ அமெரிக்கப் பட்டியலில் 2-ஆம் இடம் வரை ஏறியது, 1995-இல் கிராமி விருது வாங்கியது. அமெரிக்காவில் மட்டும் 1999-இல் ஒரு கோடிப் பிரதிக்கும், 2024-இல் இரண்டு கோடிப் பிரதிக்கும் சான்றிதழ் பெற்றது.

விளம்பர பலம்தான் காரணமா? அந்தக் காலத்து இரண்டு உதாரணங்களை அருகில் வைத்துப் பாருங்கள். ஆஃப்ஸ்பிரிங் என்ற பேண்டின் ‘ஸ்மாஷ்’ அதே 1994 ஏப்ரலில் எபிடாஃப் என்ற சுயேச்சை நிறுவனத்திலிருந்து வந்தது. பெரிய கம்பெனியின் துணை இல்லாமலேயே உலக அளவில் ஒரு கோடிக்கு மேல் விற்றது. எதிர்ப்பக்கம் ஜாபிரேக்கர். சான் பிரான்சிஸ்கோவின் அருமையான பேண்ட். பெரிய கம்பெனியில் சேர்ந்து 1995-இல் ஆல்பம் போட்டார்கள். பழைய ரசிகர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், புதியவர்கள் வரவில்லை, அடுத்த வருஷமே பேண்ட் உடைந்தது. அந்த ஆல்பத்தை நான் இன்றும் விரும்பிக் கேட்கிறேன். காசு கொட்டினால் எல்லாரும் கிரீன் டே ஆகிவிட முடியாது. ரிப்ரைஸ் செய்தது, கிடைக்காத ஊர்களிலெல்லாம் கேசட்டும் சிடியும் கிடைக்கச் செய்தது. அதுவும் தேவைதான். ஆனால் கேட்டவர்கள் மறுபடி மறுபடி கேட்டதற்குக் காரணம் பாட்டு.

இப்போது இரண்டாவது கேள்வி. பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட பேண்டுக்குக் கில்மன் ஹாலில் இடமில்லை. இது இவர்களுக்காகப் புதிதாகப் போட்ட விதி அல்ல, அங்கே ஏற்கெனவே இருந்த கொள்கைதான். 1993 செப்டம்பரில் அவர்கள் அங்கே கடைசியாக வாசித்தார்கள். அதன் பிறகு கதவு மூடியது. விலைபோய்விட்டார்கள் என்று பேசினார்கள். கழிவறைச் சுவரில் பில்லி ஜோ சாக வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். 1995-இல் வந்த ‘இன்சோம்னியாக்’ ஆல்பத்தில் ‘86’ என்றொரு பாட்டு இருக்கிறது. அமெரிக்கப் பேச்சுவழக்கில் அந்த எண்ணுக்கு ஒருவரை வெளியே அனுப்பிவிடுவது என்று பொருள். பழகிய வாசலில் நின்று, உனக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்வியை எதிர்கொண்டவனின் பாட்டு அது.

திட்டியவர்களை நான் பொறாமைக்காரர்கள் என்று ஒதுக்கமாட்டேன். அவர்கள் சொந்தக் கையால் கட்டிய இடம் அது. கம்பெனிகள் வந்தால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். சிகாகோவைச் சேர்ந்த ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினி 1993-இல் எழுதிய கட்டுரையில், பெரிய ஒப்பந்தம் போட்ட ஒரு பேண்டின் வரவு செலவை வரிக்கு வரி போட்டுக் காட்டினார். லட்சக்கணக்கில் விற்ற பிறகும் கலைஞர்கள் கையில் நிற்பது ஆளுக்கு நாலாயிரம் டாலர்தான் என்பது அவர் கணக்கு. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் மூன்று தனிமனிதர்கள்மேல் அதைக் கொட்டியது நியாயமில்லை என்று நினைக்கிறேன். அப்பா இல்லாத வீட்டில், அம்மாவின் பரிமாறும் கூலியில் வளர்ந்த பையனிடம், பாட்டை வைத்துப் பிழைக்காதே என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

பெரிய இடத்துக்குப் போன பிறகும் அவர்கள் கில்மன் ஹாலில் கற்றதை விடவில்லை. 1994 சுற்றுப்பயணத்தில் தங்களுக்கு முன்னால் வாசிக்க பான்ஸி டிவிஷன் என்ற பேண்டைக் கூட்டிப்போனார்கள். தன்பாலின ஈர்ப்புள்ளவர்களின் வாழ்க்கையை ஒளிவுமறைவில்லாமல் பாடிய பேண்ட், அதுவும் லுக்கவுட் நிறுவனத்துப் பிள்ளைகள். ‘லாங்வியூ’ கேட்க வந்த ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் முதலில் அவர்களைக் கேட்டார்கள். கத்தியவர்கள் உண்டு, பொருள்களை எறிந்தவர்கள் உண்டு. கிரீன் டே பின்வாங்கவில்லை. டிக்கெட் விலையையும் அப்போது குறைவாகவே வைத்தார்கள்.

அப்புறம் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு ஆல்பங்களின் உரிமை லுக்கவுட்டிடமே பல வருஷம் இருந்தது. ‘டூக்கி’ கேட்டவர்கள் பழையதையும் தேடி வாங்கியதால் அந்தச் சின்ன நிறுவனத்துக்கு நல்ல வருமானம் வந்து, இன்னும் எத்தனையோ பேண்டுகளின் ரெக்கார்டு வெளிவர அது உதவியது. பிறகு லாரி விலகி நிர்வாகம் கைமாறி, ராயல்டி பாக்கி விழ, 2005-இல் கிரீன் டே அந்த ஆல்பங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. லுக்கவுட் 2012-இல் மூடப்பட்டது.

நடுவில் ஒரு சரிவும் இருந்தது. 2000-இல் வந்த ‘வார்னிங்’ முன்பு போல விற்கவில்லை. 1999-க்குள் பிளிங்க்-182 மாதிரி அடுத்த தலைமுறை முன்னால் வந்துவிட்டது. 2002-இல் இரண்டு பேண்டும் சேர்ந்தே சுற்றுப்பயணம் போயின. 2004 செப்டம்பரில் வந்த ‘அமெரிக்கன் இடியட்’தான் அவர்களுக்கு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் வாங்கித் தந்த முதல் ஆல்பம். ஈராக் போர்க்காலத்து அமெரிக்காவைப் பார்த்து எழுந்த கோபம் அது. 2010-இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்கும் போனது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

2015 ஏப்ரலில், தகுதி பெற்ற முதல் வருஷத்திலேயே, கிரீன் டேயை ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, மே 17 அன்று, 924 கில்மன் தெருவின் அந்தச் சின்ன ஹாலில் அவர்கள் வாசித்தார்கள். ஓக்லாந்தில் ஏகே பிரஸ் என்ற சுயேச்சைப் பதிப்பகமும் பக்கத்திலிருந்த அச்சகமும் தீ விபத்தில் பாதிக்கப்பட்டிருந்தன. அவர்களுக்காகப் பணம் திரட்டும் கச்சேரி அது. உள்ளே நின்றவர்கள் சில நூறு பேர். மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் அதே கை நீட்டும் தூரம்.